மெஷின் எழுதட்டும்... அம்மா சொல்லட்டும்!

மூன்றாமாண்டு மாணவன், கம்ப்யூட்டர் பிரிவு

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் நம்ம செட்டில் பாதிப் பேர் கவிதை எழுத உட்கார்ந்துவிட்டார்கள். மீதிப் பேர் 'செயற்கை நுண்ணறிவு: வரமா, சாபமா?' என்று தலைப்பை மட்டும் வைத்துவிட்டு, கட்டுரையை அந்தச் செயற்கை நுண்ணறிவிடமே எழுதி வாங்கிக்கொண்டார்கள். (பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்!) எனக்கு வரமும் தெரியாது, சாபமும் தெரியாது. எங்க வீட்டுக்குள் ஒரு கதை ஆப் வந்தது. வந்து என்ன பண்ணியது என்பது மட்டும் தெரியும். அதை வைத்து எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. பிடிக்காதவர்கள் கேன்டீனில் வைத்துச் சண்டை போடலாம்.

நம்ம ஊரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டாசு, தீப்பெட்டி, அச்சு... இந்த மூன்றில் ஒன்றாவது நுழையாத வீடு சிவகாசியில் அபூர்வம். எங்க வீட்டில் அச்சு. அப்பா மினி லாரியில் காலண்டர் லோடு அடிக்கிறார். அம்மா ஒரு பைண்டிங் ஆபீசில் பாரம் மடிக்கிறாங்க. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிட்டால் பொங்கல் வரைக்கும் அம்மாவுக்கு ஞாயிறு, திங்கள் என்று எதுவும் கிடையாது. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பக்கம் அந்தக் கை வழியாகப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். டைரி, கோடு போட்ட நோட்டு, பத்தாம் வகுப்பு கைடு, ராசிபலன், சமையல் குறிப்பு, எல்லாம் போகும். ஒன்றையும் நின்று வாசித்ததில்லை. ஊருக்கெல்லாம் புத்தகம் மடிக்கிற எங்க வீட்டில் கதைப் புத்தகம் என்று ஒன்றுகூடக் கிடையாது. பாப்பாவின் பள்ளிக்கூடப் புத்தகம், என் டிப்ளமோ புத்தகம், அப்புறம் பேங்க் பாஸ் புக். அவ்வளவுதான் எங்க வீட்டு லைப்ரரி!

அம்மா படித்தது அஞ்சாவது. வாசிக்கவே தெரியாது என்று சொல்ல முடியாது. பஸ் போர்டு வாசிப்பாங்க, கேஸ் பில் வாசிப்பாங்க. நாலு வரி சேர்ந்தாப்ல வந்துவிட்டால், "கண்ணாடி இல்லய்யா, நீயே படிச்சுச் சொல்லு" என்று என் பக்கம் தள்ளிவிடுவாங்க. அம்மாவுக்குக் கண்ணாடி என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

பாப்பா மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். 'விளையாட்டு' என்று இருந்தால் 'வி... ளை... யா...' என்று கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும். அவள் டீச்சர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "வீட்டுல யாராச்சும் தினம் பத்து நிமிஷம் கூட உக்காந்து வாசிங்க தம்பி, போதும்" என்று சொன்னாங்க. போதும்தான். யார் உட்காருவது? அம்மா வீட்டுக்கு வரும்போது மணி எட்டரை. அப்பா பாதி ராத்திரி ரோட்டில். நான் ரெக்கார்டு நோட்டு எழுதிக்கொண்டிருப்பேன். (யாருடைய ரெக்கார்டைப் பார்த்து என்று கேட்காதீர்கள்.) ஆகவே கம்ப்யூட்டர் படிக்கிற பையன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். போனில் ஆப் தேடினேன்.

இந்த ஆப் சமாச்சாரம் ஒன்றும் புதுசில்லை. 2019-ல் கூகுள் 'போலோ' என்று ஒன்றை விட்டது. 2020-ல் அது 'ரீட் அலாங்' என்று பெயர் மாறி, தமிழையும் உள்ளடக்கி உலகம் முழுக்க வந்தது. குழந்தை சத்தமாக வாசிக்க, போன் காது கொடுத்துக் கேட்டு, திக்கிய சொல்லை எடுத்துக் கொடுக்கும். 2022 ஜூனில் நம்ம இல்லம் தேடிக் கல்விப் பிள்ளைகளை வைத்து அதில் வாசிப்பு மாரத்தானே நடத்தினார்கள். அதெல்லாம் யாரோ எழுதி வைத்த கதையைக் குழந்தை வாசிப்பது. இப்போது வந்திருப்பது வேற ரகம். 'ஒரு யானையும் ஒரு அணிலும்' என்று ஒரு வரி கொடுத்தால் போதும். கதையையும் அதுவே எழுதும், படத்தையும் அதுவே போடும், குரல் கொடுத்து வாசித்தும் காட்டும். 2025 ஆகஸ்டில் கூகுளின் ஜெமினியிலேயே 10 பக்கக் கதைப் புத்தகம் செய்கிற வசதி வந்துவிட்டது. சின்னச் சின்ன ஆப்களும் நிறைய இருக்கின்றன. நான் போட்டது அப்படி ஒரு சின்ன ஆப். எது என்று வேண்டாம், கட்டுரை அதைப் பற்றி இல்லை.

முதல் வாரம் எங்க வீட்டில் திருவிழாதான்! கதைக்குள்ளே பாப்பா பெயரே வந்தது. ராஜகுமாரி பாப்பா, கடலுக்கு அடியில் பாப்பா, விண்வெளிக்குப் போன பாப்பா... போனை மடியில் வைத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு தினம் முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். எனக்கோ தலைகால் புரியாத பெருமை. இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான்!

இரண்டாவது வாரம் இரண்டு விஷயம் நடந்தது.

ராத்திரி பாத்திரம் கழுவி முடித்துவிட்டு அம்மா பாயில் வந்து சாய்ந்து, வழக்கம்போல, "நரிக் கதை சொல்லவா தாயி?" என்று கேட்டாங்க. பாப்பா ஒரு காதில் இருந்து மட்டும் ஹெட்போனை எடுத்தாள். "நீ ஒரே நரியத்தான் சொல்லுவ. போன்ல புதுசு புதுசா வரும்." அம்மா சிரித்தாங்க. "அதுவும் சரிதான், எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாங்க. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று. ஒரு நாள் ஆப்பின் சத்தத்தை அணைத்துவிட்டு, "இத வாசி பாப்போம்" என்றேன். கடகடவென்று வாசித்தாள். அசந்துவிட்டேன். அப்புறம் பார்த்தால், பக்கத்தைத் தள்ளுவதற்கு முன்னாடியே அடுத்த பக்கத்தையும் 'வாசிக்கிறாள்'. அத்தனையும் மனப்பாடம்! கேட்காத கதை ஒன்றைச் சத்தமில்லாமல் கொடுத்தேன். 'வி... ளை... யா...' பழைய இடத்திலேயே நிற்கிறாள்.

ஆக, இரண்டு வாரத்தில் நான் சாதித்தது என்ன? அம்மா கதை சொல்வதை நிறுத்தியாச்சு. பாப்பா வாசிக்கவும் ஆரம்பிக்கவில்லை.

வசதி உள்ள வீட்டில் இந்த ஆப் வந்தால் நஷ்டமில்லை. அங்கே அலமாரியில் புத்தகம் இருக்கும், வாசித்துக் காட்ட தாத்தாவோ டியூஷன் அக்காவோ இருப்பார்கள். அதோடு இதுவும் ஒன்று, அவ்வளவுதான். எங்களை மாதிரி வீட்டில் குழந்தைக்கு இருக்கிற ஒரே கதைப் புத்தகம் அம்மா வாய்தான். மெஷின் வந்து உட்காருவதற்கு வேறு காலி இடம் கிடையாது, அம்மாவை எழுப்பிவிட்டுத்தான் உட்காரும். 'ஏழை வீடுகளில் வாசிப்பை வளர்க்கிறோம்' என்று ஆப் விற்கிறவர்கள் விளம்பரத்தில் ஒரு அம்மா சோபாவில் குழந்தையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்க வீட்டில் சோபாவும் இல்லை, உட்கார நேரமும் இல்லை.

வழி நான் கண்டுபிடித்தது இல்லை, தானாக வந்தது. ஒரு நாள் ராத்திரி ஒன்றரை ஜி.பி. டேட்டா தீர்ந்துபோச்சு. (நான் கிரிக்கெட் பார்த்ததுதான் காரணம்.) பாப்பா அழுது ஓய்ந்து, "யம்மா, நீயாச்சும் சொல்லு. நரி வேண்டாம்" என்றாள். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு பஸ் கதை சொன்னாங்க. நான் இருபது வருஷமாக இதே அம்மாவோடு இருக்கிறேன். அதுவரைக்கும் அந்தக் கதையைக் கேட்டதில்லை.

அம்மாவுக்கு அப்போது பதினொரு வயசு. சாத்தூர்ப் பக்கம் கரிசல் காட்டுக் கிராமம். விடியக்காலம் நாலு மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து ஊர் மந்தையில் நின்று ஹாரன் அடிக்கும். தூங்குகிற பிள்ளைகளை எழுப்பி, கையில் தூக்குச்சட்டியைக் கொடுத்து ஏற்றிவிடுவார்கள். பஸ்ஸில் உட்கார இடம் இருக்காது. பெரிய பிள்ளைகள் மடியில் சின்னப் பிள்ளைகள் தூங்கும். அம்மா மடியில் தினமும் ஒரே பிள்ளைதான் வந்து தூங்குமாம். அது பேர்கூட அம்மாவுக்குத் தெரியாதாம். "இறங்கும்போது எழுப்பிவிட்டா சிரிக்கும். நான் ஜன்னல் வழியா நட்சத்திரத்த எண்ணிக்கிட்டே போவேன். ஆபீஸ் வரதுக்குள்ள விடிஞ்சு போயிரும். ஒரு நாளும் எண்ணி முடிச்சதில்ல."

"எத்தன வரைக்கும் எண்ணுன?" என்றாள் பாப்பா.

"ஒரு நாளு முந்நூறு வந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, விடிஞ்சிருச்சு."

இது நடந்தது 1996. தீப்பெட்டித் தொழிலில் 14 வயசுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது என்ற சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. சிவகாசிப் பிள்ளைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் அதே 1996 டிசம்பரில்தான். அம்மாவுக்கு இது இரண்டும் தெரியாது. நான் சொன்னபோது, "அப்படியா, அப்ப எங்களுக்கு யாரும் சொல்லலயே" என்றாங்க.

நான் அந்தக் கதையைப் போனில் பதிவு பண்ணிவிட்டேன். கேட்காமல் பண்ணியது தப்புதான். மறுநாள் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "ஆபீஸ் பேர மட்டும் எங்கயும் போட்டுராத" என்றாங்க. போடவில்லை. பதிவை எழுத்தாக மாற்றி, அதே ஆப்பில் கொடுத்து, 'மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கிற மாதிரி 8 பக்கம், பக்கத்துக்கு இரண்டு வரி' என்று கேட்டேன்.

வந்தது பாருங்கள்! 'அதிகாலையில் அன்னை துயில் எழுந்தாள். பேருந்து மகிழ்ச்சியுடன் வந்தது.' கடைசிப் பக்கத்தில், உழைத்தால் உயரலாம் என்று ஒரு நீதி வேறு. படத்தில் மஞ்சள் கலரில் ஒரு ஸ்கூல் பஸ். ஜன்னல் நிறையச் சிரிக்கிற பிள்ளைகள், முதுகில் புத்தகப் பை, பின்னால் சூரியன் உதிக்கிறது.

அம்மா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாங்க. "ஏய்யா... இவன் என்னையப் பள்ளிக்கூடத்துக்குல்ல அனுப்பிட்டான்" என்றாங்க.

நம்ம பிரிவுக்காரர்களுக்குக் காரணம் புரியும். இந்த மெஷின் கோடிக்கணக்கான பக்கங்களையும் படங்களையும் பார்த்து, எதற்குப் பக்கத்தில் வழக்கமாக எது வரும் என்று பழகியது. காலை, பஸ், பிள்ளைகள் என்று மூன்றும் சேர்ந்தால் அது பழகிய படத்தில் ஸ்கூல் பஸ்தான் வரும். தீப்பெட்டி ஆபீஸ் பஸ் எத்தனை படத்தில் இருக்கிறது? எங்க அம்மா பேசுகிற தமிழ் எத்தனை பக்கத்தில் இருக்கிறது? அது வேணுமென்று பொய் சொல்லவில்லை. தெரியாத இடத்தை வழக்கமானதை வைத்து நிரப்பிவிடுகிறது. எந்த வாழ்க்கை எழுத்தில் ஏறவில்லையோ, அந்த இடத்தில் எல்லாம் இன்னொருத்தர் வாழ்க்கையைக் கொண்டு வந்து ஒட்டிவிடும். 'பாப்பா பெயர் வருகிறது' என்று நான் குதித்தேனே, பெயர் மட்டும்தான் எங்க வீட்டுப் பெயர்.

மறுபடி உட்கார்ந்தேன். 'சொன்ன சொல்லை மாற்றாதே. புதிதாக எதையும் சேர்க்காதே. நீதி வேண்டாம். நீளமான வரியை மட்டும் உடைத்துக் கொடு' என்று நாலு தடவை முட்டி மோதியபின் ஓரளவுக்கு ஒழுங்காக வந்தது. படத்தை எடுத்துவிட்டேன். குரலையும் அணைத்துவிட்டேன். பாப்பா கையில் கொடுத்தேன்.

'விடியக்காலம் நாலு மணி. பஸ் வரும். ஹாரன் அடிக்கும்.' அம்மா அந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாங்க. பாப்பா 'தூ... க்... கு...' என்று திக்கினாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "தூக்குச்சட்டி!" என்று கத்தினாள். கதை ஏற்கனவே அவள் காதில் இருக்கிறது. சொல் எல்லாம் வீட்டுச் சொல். எழுத்து ஒன்றுதான் புதுசு. இன்னும் இரண்டு பக்கம் போனதும், 'மடியில் என் தங்கை தூங்கினாள்' என்று வாசித்தாள். மெஷின் என் கண்ணில் படாமல் நுழைத்த தங்கை!

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தங்கச்சின்னு நான் எப்பச் சொன்னேன்? அது யாரு பெத்த பிள்ளையோ! எங்க, எந்த இடத்துல அப்படி இருக்கு, காட்டு" என்று வெங்காயக் கையோடு எழுந்து வந்தாங்க. போன் மேல் விரலை வைத்து, அந்த வரியை முதலில் இருந்து கடைசி வரை வாசித்தாங்க. அடுத்த வரியையும் வாசித்தாங்க. கண்ணாடி இல்லாமல்!

இதுவும் மனப்பாடம்தானே என்று கேட்பீர்கள். பாதி அப்படித்தான், ஒத்துக்கொள்கிறேன். அவளுக்குத் தெரிந்தது கதை. எந்த வரியில் எந்தச் சொல் என்பது தெரியாது, அதற்கு எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும். சந்தேகத்துக்கு ஒரு சோதனையும் வைத்தேன். சொற்களைத் தனித்தனியாகத் துண்டுத் தாளில் எழுதிக் குலுக்கிப் போட்டேன். 'ஹாரன்', 'ஜன்னல்', 'நட்சத்திரம்' மூன்றையும் எடுத்துவிட்டாள். 'எழுப்பிவிட்டா' மட்டும் வரவில்லை. எனக்கு அது போதும்.

பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, இது ரொம்பப் பழைய வித்தை. நியூசிலாந்தில் சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற ஆசிரியை, மாவோரிப் பிள்ளைகள் வாயில் இருந்து வருகிற சொல்லையே அட்டையில் எழுதிக் கொடுத்து அவர்களை வாசிக்க வைத்தார். 1963-ல் 'டீச்சர்' என்று புத்தகமும் எழுதினார். அவருக்கு எழுதிக் கொடுக்க நேரம் இருந்தது, அதுதான் வேலை. எங்க வீட்டில் கதை இருக்கிறது, எழுதிக் கொடுக்கத்தான் ஆளில்லை. அந்தக் குமாஸ்தா வேலைக்கு மெஷின் லாயக்கான ஆள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: கதை சொல்கிற வேலையையும் வாசித்துக் காட்டுகிற வேலையையும் அதற்குக் கொடுக்காதீர்கள். எழுதுகிற வேலையை மட்டும் கொடுங்கள், அதையும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

எங்க ஆச்சி 1990-களில் அறிவொளி வகுப்புக்குப் போய்க் கையெழுத்துப் போடக் கற்றவர். வகுப்பு முடிந்ததும் வாசிக்க வீட்டில் ஒன்றும் இல்லை. கையெழுத்து மட்டும் மிஞ்சியது. அம்மாவுக்கும் அதே கதைதான். கற்ற எழுத்துக்குத் தீனி போட ஆளில்லை.

சரி, புத்தகம் செய்த கதைக்கு வருகிறேன். ராத்திரி ஆனால் அப்பா போன் அப்பாவோடு போய்விடும், என் போனில் சார்ஜ் நிற்காது. ஆகவே பேப்பரில் எடுக்கலாம் என்று, ஒரே ஏ-4 தாளில் முன்னும் பின்னும் நாலு நாலாக எட்டுப் பக்கத்தையும் வரிசையாக அடித்துக் கொண்டு வந்தேன். மடித்துப் பார்த்தால் மூன்றாம் பக்கத்துக்கு அப்புறம் ஏழாம் பக்கம் வருகிறது, ஒன்று தலைகீழாக நிற்கிறது. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாங்க. "மூணு வருசம் என்னய்யா படிச்ச? ஒண்ணும் எட்டும் பக்கத்துல பக்கத்துல வரணும். நாலும் அஞ்சும் அதுக்கு மேல தலகீழா நிக்கணும். பின்னாடி ரெண்டும் ஏழும், மேல மூணும் ஆறும். எந்த ஜோடியக் கூட்டுனாலும் ஒம்பது வரும்." கூட்டிப் பார்த்தேன். ஒம்பது! அந்தக் கணக்கில் மறுபடி அடித்து, ஒரு தாளை இரண்டு மடிப்பு மடித்து, நூல் கோத்து, மேல் விளிம்பை வெட்டி, ஒரு நிமிஷத்தில் அம்மா கையில் கொடுத்தது எங்க வீட்டு முதல் கதைப் புத்தகம். ஜெராக்ஸ் செலவு ஒரு டீக் காசுக்கும் குறைவு.

நண்பன் ஒருவன் கேட்டான், "இதுக்குப் பேசாம லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போகலாமேடா? போனே விஷம்." நான் அவனோடு சண்டைக்குப் போக மாட்டேன். நல்ல அச்சுப் புத்தகத்துக்கு ஈடு இல்லை. 2023-ல் ஆரம்பித்த வாசிப்பு இயக்கத்தில் 'நுழை, நட, ஓடு, பற' என்று படிப்படியாகச் சின்னப் புத்தகங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்திருக்கின்றன. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் 2015-ல் இருந்து தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அச்சடித்தும் கொடுக்கலாம். பாப்பாவுக்கு இப்போது அதையும் கொடுக்கிறேன். அம்மாதான் அந்தப் புத்தகங்களைத் தொட மாட்டேங்கிறாங்க. அதைப் பார்த்தால் உடனே கண்ணாடி ஞாபகம் வந்துவிடுகிறது!

இன்னொரு தோழி கேட்டதுதான் என்னை மடக்கியது. "நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை பாத்துட்டு வர்ற அம்மா, வந்து கதையும் சொல்லணுமா? அந்த அரை மணி நேரம் போன் பாத்துக்கிட்டா அவங்க தூங்குவாங்கல்ல?" இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சீசனில் மூன்று வாரம் எங்க வீட்டில் ஒரு கதையும் நடக்கவில்லை. அம்மா சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் தூங்கிப்போன நாள் உண்டு. எந்த ஆப்பும் கூலியைக் கூட்டாது, வேலை நேரத்தைக் குறைக்காது. அதனால்தான் வாரத்துக்கு ஒரு கதை என்று வைத்துக்கொண்டோம். ஒரு கதையை ஏழு நாள் வாசிக்கலாம். தினம் ஒரு புதுக் கதை யாருக்கு வேணும், ஆப் கம்பெனிக்குத்தானே?

நம்ம பசங்களுக்கு ஒரு விஷயம். பைனல் இயர் புராஜெக்ட் என்றால் முகம் பார்த்து வருகைப் பதிவு, கோடு பிடித்து ஓடும் ரோபோ... இதையே எத்தனை வருஷம் செய்வோம்? இந்த வருஷம் இரண்டு பேட்ச், கதை உண்டாக்கும் ஆப் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். செய்யுங்கள். முதல் திரையில் 'தலைப்பைத் தட்டச்சு செய்க' என்று வைக்காதீர்கள், ஒரு மைக் படத்தை வையுங்கள். தட்டச்சு எங்க அம்மாவுக்கு வராது, பேச்சு வரும். வாசித்துக் காட்டும் பட்டனைக் குழந்தை ஒரு தடவை முயற்சி செய்த பிறகு திறக்கிற மாதிரி வையுங்கள். எட்டுப் பக்கமும் ஒரே தாளில் ஒம்பதுக் கணக்கில் அச்சாகிற மாதிரி ஒரு பட்டன் வையுங்கள், சந்தேகம் இருந்தால் எங்க அம்மாவிடம் வந்து கேளுங்கள். குழந்தை பெயர், போட்டோ, குரல் எதையும் கண்டவன் சர்வரில் போட்டு வைக்காதீர்கள். வீட்டுக்காரர்களிடம் கேட்காமல் பதிவு செய்யாதீர்கள், நான் செய்த தப்பு ஒன்று போதும்.

பஸ் கதைக்குப் படம் பாப்பாவே போட்டுவிட்டாள். தாள் முழுக்கக் கறுப்பு பென்சிலால் தீட்டி, நடுவில் இரண்டு மஞ்சள் வட்டம். அது பஸ் லைட்டாம். நட்சத்திரம் எங்கே என்று அம்மா கேட்டதற்கு, "நீதான் எண்ணி முடிக்கலயே, நான் எத்தன போடுறது?" என்கிறாள். இதுவரை மூன்று புத்தகம் ஆகியிருக்கிறது. மூன்றாவது அப்பா சொன்னது, நடுராத்திரி லாரி டயர் வெடித்த கதை, பாதி சத்தம்தான். இப்போது எதிர்வீட்டு ஆச்சி, "என்கிட்டயும் ஒண்ணு இருக்குய்யா, எழுதிக் குடுப்பியா?" என்று கேட்டிருக்காங்க. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போகிறேன். அன்னைக்காவது போனில் சார்ஜ் நிற்கணும்.